வேர் தூளான பிறகு: பிரஸ்ஸல்ஸ் எடைக்குறைப்பு மருந்து நிகழ்வு, 1990–2000

நிகழ்வு என்ன

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் 1990-க்கும் 1992-க்கும் இடையே எடை குறைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் சிலருக்குச் சிறுநீரகம் முழுமையாகச் செயலிழந்தது. மருந்தில் சீன மூலிகைகள் இரண்டு இருந்தன. சீன மருந்தின் தீமைக்கு உதாரணமாகவே இதைப் பெரும்பாலும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த முடிவு அவசரமானது என்று நினைக்கிறேன். கஷாயத்துக்கு வர வேண்டிய வேர் தூளாகிக் கேப்ஸ்யூலுக்குள் போனதையும், வழியில் அதை யாரும் அடையாளம் பார்க்காததையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது புரியும்.

பின்னணி

அந்த எடைக்குறைப்பு மருத்துவமனை சுமார் பதினைந்து ஆண்டுகளாக நடந்துவந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உடல் பருமன் தவிர வேறு குறை இல்லாதவர்கள்தான் அதிகம். பசியை அடக்க ஃபென்ஃப்ளூரமின், டைஎத்தில்ப்ரோபியான், நீரை வெளியேற்ற அசெட்டசோலமைடு, மலத்தை இளக்கக் கஸ்காரா பட்டைத் தூள், கூடவே பெல்லடோனா என்ற செடியின் சாறு என எல்லாவற்றையும் கலந்து கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்தார்கள். கூனைப்பூச் சாறும் யூஃபிலின் என்ற மருந்தும் தோலடி ஊசியாகப் போடப்பட்டன. இன்றைய கண்ணுக்கு இது அச்சமூட்டும் பட்டியல்தான். ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைக் கெடுப்பது தெரியவந்து 1997-ல் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. ஆனாலும் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் சிறுநீரகக் கோளாறு எதுவும் கவனத்துக்கு வரவில்லை.

1990 மே மாதம் செய்முறை மாறியது. இரண்டு சீன மூலிகைகளின் தூள் புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஒன்று ஹோவ்போ எனப்படும் மக்னோலியா மரப்பட்டை. மற்றது ஃபாங்ஜி என்ற வேர். மருந்துச் சீட்டில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற தாவரப் பெயரில் எழுதப்பட்டது. சீன மருத்துவத்தில் ஃபாங்ஜி உடலில் கோத்த நீரை இறக்கக் கொடுப்பது, ஹோவ்போ வயிற்று உப்புசத்துக்குக் கொடுப்பது. எடை குறைக்க நினைத்தவர்களின் கண் இவற்றின்மேல் விழுந்ததில் வியப்பில்லை.

சீன மருந்தின் வடிவங்கள்

இங்கே சற்று நின்று, சீன மருத்துவத்தில் மருந்து எந்தெந்த உருவில் நோயாளியிடம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலாவது தாங், அதாவது கஷாயம். மருத்துவர் சீட்டு எழுத, மருந்துக்கடைக்காரர் இழுப்பறைகளைத் திறந்து வேர்த் துண்டு, பட்டை, விதை, பூ என ஒவ்வொன்றாக நிறுத்துக் காகிதத்தில் கொட்டுவார். வீட்டில் மண்சட்டியில் ஊறவைத்து, பெரும்பாலும் இரண்டு முறை காய்ச்சி, இரண்டு வடிநீரையும் கலந்து குடிப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைப்பதில்லை. சிப்பியும் கனிமங்களும் முதலில் கொதிக்க வேண்டும், புதினா கடைசியில்தான் விழ வேண்டும். சிறு விதைகள் துணியில் முடியப்படும். கழுதைத்தோல் பசையைத் தனியே உருக்கிக் கலப்பார்கள். கஷாயச் சீட்டுக்கு ஆயுள் குறைவு. சில நாளில் நோயாளி திரும்பி வருவார், நாடி பார்ப்பார்கள், சரக்கு கூடும் அல்லது குறையும்.

சான் என்பது சூரணம். வான் என்பது குளிகை: தேனில் பிசைந்து உருட்டியது, நீரில் உருட்டியது, மெழுகில் உருட்டியது எனப் பல. நாள்பட்ட நோய்க்கு மெல்ல வேலை செய்யட்டும் என்று கொடுப்பது இது. சோங் வம்சக் காலக் குழந்தை மருத்துவர் சியென் யி குழந்தைகளுக்காக வகுத்த லியூவெய் திஹுவாங் குளிகையை இன்றும் பெரியவர்கள் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். காவ் என்பது நம் லேகியம் போன்ற குழம்பு. தோலில் ஒட்டும் பிளாஸ்திரிக்கும் இதே பெயர். தான் என்பது பெரும்பாலும் கனிமச் சரக்குகளால் ஆனது. மூலிகையை மதுவில் ஊறவைப்பதும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் வரவுகள் மாத்திரை, கேப்ஸ்யூல், ஊசி மருந்து, வடிநீரை உலர்த்தி எடுத்த குருணை ஆகியவை. ஜப்பானிலும் தைவானிலும் மருத்துவர்கள் இன்று அதிகம் எழுதுவது குருணைதான்.

ஆயத்த மருந்து புதுப் பழக்கமும் அல்ல. சோங் அரசு 1076-ல் கைஃபெங் நகரில் அரசு மருந்தகம் தொடங்கி, சூரணமும் குளிகையும் செய்து விற்றது. எனவே தூளாக்கியதே பிழை என்று சொல்லிவிட முடியாது.

உருவம் மாறினால் மருந்தே மாறிவிடுவதும் உண்டு. ஃபூட்ஸி என்பது வச்சநாபி இனத்து வேர். பக்குவம் செய்து நெடுநேரம் கொதிக்கவைத்தால் அதிலுள்ள அக்கோனிட்டின் சிதைந்து நஞ்சின் வீரியம் பெருமளவு குறையும். கொதி போதாமல் குடித்தாலும் அளவு மிஞ்சினாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஹாங்காங் மருத்துவமனைகள் 1980-களின் இறுதியிலிருந்து இத்தகைய நிகழ்வுகளைப் பதிவுசெய்திருக்கின்றன. பூசுவதற்கென்று மதுவில் ஊறவைத்ததைக் குடித்து இறந்தவர்களும் உண்டு. வேர் அதேதான், உருவமும் பக்குவமும்தான் வேறு.

கவனிக்கப்பட்டவை

1992-ல் பிரஸ்ஸல்ஸின் ஒரு சிறுநீரகப் பிரிவுக்கு இரண்டு பெண்கள் அடுத்தடுத்து வந்தார்கள். இருவருக்கும் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்துகொண்டிருந்தது. இத்தகைய நிலைக்கு வழக்கமாகக் காரணமாகும் சர்க்கரை நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், சிறுநீரகத் தொற்று, வலிமாத்திரைப் பழக்கம் எதுவும் பொருந்தவில்லை.

பின்னர் சேர்ந்த நோயாளிகளிடமும் ஒரே சாயல் தெரிந்தது. இரத்த அழுத்தம் இயல்பாகவோ சற்றே கூடியோ இருந்தது. சிறுநீரில் புரதம் குறைவு, அதுவும் நுண்குழல் சேதத்தைக் காட்டும் வகை. இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை வந்தது. சிறுநீரகச் செயல் குறைந்த அளவுக்குப் பொருந்தாத கடும் இரத்தசோகை இருந்தது. ஸ்கேனில் சிறுநீரகங்கள் சுருங்கியிருந்தன, சிலருக்கு ஒன்று மற்றதைவிடச் சிறியது.

திசுப் பரிசோதனை இன்னும் விசித்திரமாக இருந்தது. இரத்தத்தை வடிகட்டும் முடிச்சுகள் பெரிதும் தப்பியிருந்தன. அவற்றைச் சுற்றியுள்ள நுண்குழல்கள் அழிந்து, அந்த இடத்தை நார்த்திசு நிரப்பியிருந்தது. அழற்சி அணுக்களைக் காணோம். புறணிப் பகுதியில் சேதம் மிக அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு. தொற்றோ ஒவ்வாமையோ இப்படிப்பட்ட படத்தைத் தருவதில்லை. நஞ்சு என்று சந்தேகிக்க இதுவே போதுமானது.

இரண்டு பெண்களும் ஒரே எடைக்குறைப்பு மருத்துவமனைக்குப் போனவர்கள் என்பது மருந்து வரலாறு கேட்டபோது தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரண்டு பேரை வைத்து ஒரு மருந்தைக் குற்றம்சாட்ட முடியாது. எனவே மருத்துவர்கள் முதலில் செய்தது எண்ணிப் பார்ப்பது. நகரின் மற்ற சிறுநீரக மையங்களின் பதிவேடுகளில், அண்மையில் இதே வகை நார்த்திசுச் சிதைவோடு வந்த 50 வயதுக்குட்பட்ட பெண்களைத் தேடினார்கள். 1991–92-ல் மேலும் 7 பேர் கிடைத்தார்கள். அவர்களும் அதே எடைக்குறைப்பு மருந்தைச் சாப்பிட்டவர்கள்.

அடுத்த கேள்வி: பதினைந்து ஆண்டுகள் எதுவும் செய்யாத மருந்து இப்போது ஏன்? 1990 மே மாதத்துக்கு முன்பும் பின்பும் மாறியது அந்த இரண்டு தூள்கள் மட்டுமே. 1992 இறுதியில் பெல்ஜியத்தில் இரண்டின் விநியோகமும் நிறுத்தப்பட்டது. வேதியியல் சான்று அப்போது கையில் இல்லை. இருந்தும் நிறுத்தினார்கள். இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிப்பது இந்த முடிவைத்தான். நஞ்சின் பெயர் தெரியும்வரை காத்திருந்தால் மேலும் ஓராண்டுக்கு மேல் தூள் விற்றிருக்கும். 1993 பிப்ரவரியில் 9 பேரின் வரலாறும் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஐரோப்பா முழுவதும் செய்தி பரவ அது உதவியது.

சிகிச்சையில் செய்ய முடிந்தது குறைவு. மருந்தை நிறுத்திய பிறகும் பலருக்குச் சேதம் தொடர்ந்தது. சில மாதங்களிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் டயாலிசிஸ் தேவைப்பட்டது. அழற்சி இல்லாத நோய்க்கு ஸ்டீராய்டு பயன்படுமா என்ற தயக்கம் இருந்தது. சிலருக்குக் கொடுத்துப் பார்த்ததில், கொடுக்கப்படாதவர்களைவிட அவர்களுக்கு வேகம் குறைந்தது. முன்பே முற்றிவிட்டவர்களுக்கு அதனால் பயனில்லை.

தூளுக்குள் இருந்தது

ஸ்டெஃபானியா வேரின் அடையாளப் பொருள் டெட்ராண்ட்ரின் என்ற தாவர வேதிப்பொருள். கேப்ஸ்யூலில் அதைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. மருந்துச் சீட்டில் எழுதிய வேர் மருந்துக்குள் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் வேறு எது இருந்தது என்பதற்கு 1994-ல் விடை வந்தது. விற்ற தூளின் பெரும்பாலான தொகுப்புகளில் இருந்தது அரிஸ்டோலோகிக் அமிலம், அரிஸ்டோலோகியா இனத் தாவரங்களில் உள்ள நஞ்சு. வந்து சேர்ந்திருந்த வேர் அரிஸ்டோலோகியா ஃபாங்சி.

இது எப்படி நடந்தது? சீன மூலிகைச் சந்தையில் ஃபாங்ஜி என்ற பொதுப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தாவரங்கள் விற்கப்பட்டன. ஸ்டெஃபானியா வேருக்கு ஃபென் ஃபாங்ஜி என்றும் ஹான் ஃபாங்ஜி என்றும் பெயர். குவாங்தோங், குவாங்ஷி பகுதியிலிருந்து வரும் அரிஸ்டோலோகியா வேர் குவாங் ஃபாங்ஜி. ஒன்று கிடைக்காதபோது மற்றதைக் கொடுப்பது அங்கே பழகிய வழக்கம். குவாங் ஃபாங்ஜி அப்போது சீனாவிலேயே அனுமதிக்கப்பட்ட சரக்கு என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்றுமதிப் பெட்டியின் மேல் ஃபாங்ஜி என்றிருக்க, இறக்குமதிக்காரர் அதற்கு நேராக ஒரே ஒரு லத்தீன் பெயரை எழுதிக்கொண்டார்.

உருவத்தின் பங்கு இங்கேதான் வருகிறது. ஸ்டெஃபானியா வேர் வளைந்து முடிச்சு முடிச்சாக இருக்கும், வெட்டினால் உள்ளே வெளுப்பாக மாவு போல உதிரும். அரிஸ்டோலோகியா ஃபாங்சி வேர் பெரும்பாலும் உருளையாக, மரத்தன்மையோடு இருக்கும். துண்டுகளாகப் பரப்பி வைத்தால் கை பழகிய சரக்குக்காரர் பிரித்துவிட வாய்ப்பு உண்டு. அரைத்துவிட்டால் கண் பயனற்றுப்போகும். நுண்ணோக்கியோ, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு வண்ணப்பிரிகை என்ற எளிய சோதனையோ வேண்டும். பிரஸ்ஸல்ஸ் மருந்தாளுநர்கள் கேப்ஸ்யூலில் அடைத்தது வந்த தூளைத்தான். அவர்கள் நம்பியது டப்பாவின் மேல் எழுதியிருந்த பெயரை.

இரண்டாவது வேறுபாடு கால அளவு. கஷாயச் சீட்டு சில நாளில் மாறும் என்று மேலே சொன்னேன். கேப்ஸ்யூல் மாதக்கணக்கில் அதே அளவில் தினமும் உள்ளே போனது. அரிஸ்டோலோகிக் அமிலத்தின் தீமை மொத்த அளவோடு கூடிக்கொண்டே போவது. சிறுநீரக நுண்குழல் அணுக்கள் இரத்தத்திலிருந்து அதை இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே உருமாறி டிஎன்ஏவில் அடினின் என்ற எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. 1996-ல் நோயாளிகளின் சிறுநீரகத் திசுவிலேயே இந்த ஒட்டுத் தடயத்தைக் கண்டார்கள். மருந்தை நிறுத்தி ஆண்டுகள் கழித்தும் அது அழியாமல் இருந்தது. அதற்குப் பிறகு காரணம் பற்றிய விவாதத்துக்குப் பெரிதாக இடமில்லை. கேப்ஸ்யூலில் இருந்த மற்ற மருந்துகள்தான் குற்றவாளி என்று சிலர் வாதிட்டுவந்தனர். விலங்குச் சோதனையில் அரிஸ்டோலோகிக் அமிலம் மட்டுமே கொடுத்தும் அதே சிறுநீரகச் சிதைவு வந்தது.

கஷாயமாகக் குடித்திருந்தால் தப்பியிருப்பார்களா? அப்படிச் சொல்ல முடியாது. அக்கோனிட்டினைப் போல இந்த அமிலம் கொதியில் சிதைவதில்லை. சீனாவிலேயே 1964-ல், அரிஸ்டோலோகியா இனக் கொடியான குவான் மூத்தோங்கை அதிக அளவில் காய்ச்சிக் குடித்த இருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது பதிவாகியிருக்கிறது. பிரிட்டனில் 1999-ல் எக்ஸிமாவுக்காகச் சீன மூலிகை எடுத்த இரண்டு பெண்களின் சிறுநீரகம் போனதற்கும் மூத்தோங்கே காரணம். கஷாயம் தரும் பாதுகாப்பு அடுப்பில் இல்லை. காய்ச்சுமுன் வேரைக் கண்ணால் பார்ப்பதிலும், சில நாளில் நோயாளியைத் திரும்பப் பார்ப்பதிலும்தான் இருக்கிறது. அதுவும் சரியான சரக்கு தெரிந்தவர் பார்த்தால்.

பின்விளைவு

அந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் சுமார் 1,500 முதல் 2,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் நூறுக்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது. பெரும்பாலோர் டயாலிசிஸிலோ மாற்றுச் சிறுநீரகத்திலோ வாழ வேண்டியதாயிற்று. மற்றவர்கள் ஏன் தப்பினார்கள் என்பதற்குத் தொகுப்புக்குத் தொகுப்பு அமில அளவு வேறுபட்டதும், சாப்பிட்ட காலம் வேறுபட்டதும் ஓரளவு விடை.

இரண்டாவது அடி புற்றுநோயாக வந்தது. அரிஸ்டோலோகிக் அமிலம் எலிகளுக்குப் புற்று உண்டாக்கும் என்பது 1982-லேயே வெளியானது. ஜெர்மனி அதைக் கொண்ட மருந்துகளை 1980-களின் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டது. பக்கத்து நாட்டில் அந்த அறிவு இருந்தும் பிரஸ்ஸல்ஸ் கேப்ஸ்யூலுக்கு அது பொருந்தவில்லை. காரணம், கேப்ஸ்யூலில் அரிஸ்டோலோகியா இருப்பதே யாருக்கும் தெரியாது.

1990-களின் நடுவில் நோயாளிகளின் சிறுநீர்ப் பாதையில் புற்று தென்படத் தொடங்கியதும் மருத்துவர்கள் கடினமான ஒரு யோசனையை முன்வைத்தார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே செயலிழந்துவிட்டது. பயனற்ற அந்தச் சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் புற்று தெரியும் முன்பே எடுத்துவிடலாம் என்பது. 39 பேர் ஒப்புக்கொண்டார்கள். எடுத்துப் பார்த்ததில் 18 பேருக்குப் புற்று இருந்தது. மிச்சம் 21 பேரில் 19 பேருக்கு அணுக்கள் மாறத் தொடங்கியிருந்தன. தூளை மொத்தமாக 200 கிராமுக்கு மேல் சாப்பிட்ட 15 பேரில் 10 பேருக்கும், அதற்குக் குறைவாகச் சாப்பிட்ட 24 பேரில் 8 பேருக்கும் புற்று. இது 2000-ல் வெளியானது. முன்கூட்டியே எடுத்த முடிவு சரி என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. ஆனால் சிறுநீர்ப்பையை எடுக்கவில்லை. பிற்காலத்தில் அங்கும் பலருக்குப் புற்று வந்ததால், ஆயுள் முழுக்க உள்நோக்கிப் பரிசோதனை தேவைப்பட்டது.

முதலில் 'சீன மூலிகைச் சிறுநீரக நோய்' என்று வைத்த பெயர் பின்னர் 'அரிஸ்டோலோகிக் அமிலச் சிறுநீரக நோய்' என்று மாற்றப்பட்டது. நியாயமான மாற்றம். சேர்க்கப்பட்ட மற்ற சீன மூலிகையான மக்னோலியா பட்டைமேல் இந்தப் பழி நிலைக்கவில்லை. மேலும், அந்தக் கேப்ஸ்யூல் எந்தச் சீன மருத்துவ நூலிலும் உள்ள கூட்டும் அல்ல.

எது மாறியது, எது மாற வேண்டும்

பிரிட்டன் 1999-ல் அரிஸ்டோலோகியாவைத் தடைசெய்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-ல் எச்சரிக்கை விடுத்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-ல் அரிஸ்டோலோகியா மூலிகைகளை மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. சீனா 2003-ல் குவான் மூத்தோங்கையும் 2004-ல் குவாங் ஃபாங்ஜியையும் விலக்கியது. குவான் மூத்தோங் சேர்ந்த லோங்தான் ஷியேகான் என்ற பிரபலமான குளிகை அதற்குமுன் ஆண்டுக்கணக்கில் கடைகளில் தாராளமாக விற்றது. 2005-ம் ஆண்டு சீன மருந்து நூல் இதே அமிலம் கொண்ட ஷீஷின் என்ற செடியில் இலையை ஒதுக்கி, அமிலம் குறைந்த வேர்ப்பகுதியை மட்டும் மருந்தென்று வரையறுத்தது.

தடைப் பட்டியல் தேவைதான். ஆனால் பிரஸ்ஸல்ஸில் அது மட்டும் உதவியிருக்காது. தடைசெய்த பொருளின் பெயர் சீட்டில் இல்லையே. வேரைக் கண்ணால் பார்த்துச் சோதித்த கட்டத்தை ஒரு மருந்துவடிவம் நீக்கிவிட்டால், அந்தச் சோதனை அரைக்கும் ஆலையின் வாசலுக்கு முன்னே நகர வேண்டும்: ஒவ்வொரு தொகுப்புக்கும், அரைக்குமுன் முழு வேரில் ஒரு முறை, அரைத்தபின் வேதியியல் முறையில் ஒரு முறை. அன்று டெட்ராண்ட்ரின் இருக்கிறதா என்று ஒரு மெல்லடுக்குச் சோதனை செய்திருந்தால் தூள் பிடிபட்டிருக்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. நம் நாட்டு மருந்தில் வழங்கும் ஆடுதீண்டாப்பாளையும், ஈசுரமூலி அல்லது பெருமருந்து எனப்படும் கொடியும் இதே அரிஸ்டோலோகியா இனம். இரண்டிலும் இந்த அமிலம் உண்டு. கொதிக்கவைத்தாலும் சூரணமாக்கினாலும் அது போய்விடாது. இவை சேர்ந்த சூரணத்தை நாள்பட உள்ளுக்குச் சாப்பிட்டவர் காரணம் தெரியாத இரத்தசோகையோடும் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினினோடும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) வந்தால், மருத்துவர் 'வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்பதோடு நிறுத்தாமல் அந்தப் பொட்டலத்தையே கொண்டுவரச் சொல்ல வேண்டும். நோயாளியும் கேப்ஸ்யூல், குளிகை, லேகியம் எதுவானாலும் மருந்தாகக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். நுண்குழல்கள் முழுதும் அழியும் முன்பே நிறுத்தியவர்களுக்குத்தான் சிறுநீரகத்தில் ஏதாவது மிஞ்சியது.